தலையில் பேன்: தலைகுனிவு எதற்கு?

'ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது' என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. சிறியதொன்றை ஊதிப் பெரிதாக்குவோரைக் குறித்துச் சொல்லப்படுவது அது. ஆனால், உண்மையாகவே நம் பிள்ளைகளின் தலையில் ஈரும் பேனும் குடிபுகுந்துவிட்டால் நாம் செய்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பெரிதாக்குவதில்லை, மறைத்துவிடுகிறோம். அடுத்த வீட்டார் அறியலாகாது, ஆசிரியை அறியலாகாது, உறவினர் அறியலாகாது என்று கதவை அடைத்துக்கொண்டு, கைக்குக் கிடைத்ததையெல்லாம் குழந்தையின் தலையில் தேய்க்கிறோம். இவ்வாறு மறைப்பதால் பேனுக்கு ஒரு கேடும் இல்லை. கேடு விளைவது குழந்தைக்கே.

பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள இல்லம் எதுவும் இத்தொல்லையை முற்றிலும் தப்பியது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கவும் கூச்சம், அயலாரிடம் கேட்கவும் கூச்சம். ஆகவே, நம் தாய்மாரும் தந்தையரும் கேட்கத் தயங்கும் செய்திகளை இங்கே சற்று விரிவாகவே எடுத்துரைக்க விழைகிறோம். பேனை ஒழிப்பதற்கு வேண்டியவை ஒரு நல்ல சீப்பும் 2 வார காலப் பொறுமையுமே. அப்பொறுமைக்குத் தடையாக நிற்பது நம் நாணம். ஆதலின், பேனோடு நாணத்தையும் சேர்த்தே களைதல் வேண்டும்.

பேன் எத்தகையது?

தலைப்பேன் மனிதருடைய தலையில் மட்டுமே வாழவல்ல ஒரு சிற்றுயிர். நாயின்மீதோ, பூனையின்மீதோ, கோழியின்மீதோ அது வாழாது. அவற்றிலிருந்து நமக்கு வருவதும் இல்லை. முழு வளர்ச்சி அடைந்த பேன் ஓர் எள்ளின் அளவு, அதாவது 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதற்குச் சிறகு இல்லை, ஆதலின் பறக்காது. தெள்ளுப்பூச்சியைப் போலக் குதிக்கவும் அதனால் இயலாது. ஆனால் அதன் 6 கால்களின் நுனியிலும் கொக்கி போன்ற நகம் உண்டு. மயிரிழையைப் பற்றிக்கொண்டு ஊர்வதற்கென்றே அமைந்தவை அந்நகங்கள். ஒரு தலையிலிருந்து மற்றொரு தலைக்கு அது செல்ல வேண்டுமாயின், பெரும்பாலும் அவ்விரு தலைகளும் ஒன்றையொன்று தொடுதல் வேண்டும்.

ஒரே பாயில் படுத்துறங்கும் அக்காள் தங்கையர், ஒரே புத்தகத்தின்மேல் குனிந்து படிக்கும் தோழியர், பாட்டியின் தோளில் சாய்ந்து கதை கேட்கும் பேரப்பிள்ளை — இவர்களிடையேதான் பேன் பரவுகிறது. சீப்பு, துவாலை, தலையணை ஆகியவற்றால் பரவுவதும் உண்டு. எனினும் அது அத்துணை மிகுதி அன்று. காரணம், தலையை விட்டு விழுந்த பேன் இரத்தம் கிடைக்காமல் ஓரிரு நாட்களுக்குள் மடிந்துபோகும்.

தலையில் இருக்கும் பேனோ ஏறக்குறைய 30 நாட்கள் வாழும். நாள்தோறும் பலமுறை தலைத்தோலில் குத்தி இரத்தம் உறிஞ்சும். பெண்பேன் ஒரு நாளில் 8 முட்டைகள் வரை இடும். இம்முட்டைகளையே நாம் ஈர் என்கிறோம். தலைத்தோலின் வெப்பம் வேண்டியிருப்பதால், மயிரின் அடிப்பாகத்தில் தோலை ஒட்டியே ஒருவகைப் பசையால் அவற்றை அது ஒட்டிவிடுகிறது. 7 முதல் 10 நாட்களில் ஈர் பொரிந்து குஞ்சு வெளிவரும். அக்குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடத் தகுதி பெறுவதற்கு மேலும் 9 முதல் 12 நாட்கள் ஆகும். இக்கணக்கை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பேனை வெல்லும் வழி இக்கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

பழி யாருடையது?

பேன் என்றதும் அழுக்கு, வறுமை, நோய் என்னும் மூன்றும் நம் நினைவுக்கு வருகின்றன. இப்பழியில் பெரும்பகுதி தலைப்பேனுக்கு உரியதன்று. அதன் உறவினமாகிய சீலைப்பேனுக்கு உரியது. சீலைப்பேன் தலையில் வாழ்வதில்லை. உடுத்திய துணியின் தையல் மடிப்புகளில் தங்கி, அங்கேயே முட்டையிட்டு, இரத்தம் குடிப்பதற்கு மட்டும் உடலுக்கு வரும். மாற்றுத் துணியும் குளிக்க நீரும் இல்லாத நிலையிலேயே அது பெருகும். போர்க்களம், சிறைக்கூடம், அகதிகள் முகாம் ஆகியவையே அதன் உறைவிடங்கள்.

இந்தச் சீலைப்பேன்தான் டைஃபஸ் என்னும் கொடிய காய்ச்சலைப் பரப்புவது. (இது நாம் அறிந்த டைஃபாய்டு காய்ச்சல் அன்று, வேறொரு நோய்.) துனிசு நகரில் பாஸ்டர் நிலையத்தின் தலைவராக இருந்த பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிக்கோல் ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். மருத்துவமனைக்கு வெளியே இந்நோயாளிகள் பிறருக்கு நோயைத் தந்தனர். அவர்களுடைய துணிகளைக் கையாண்ட பணியாளருக்கும் நோய் கண்டது. ஆனால் துணி களைந்து குளிப்பாட்டி வார்டில் படுக்கவைத்த பின்னரோ அந்நோயாளியிடமிருந்து எவருக்கும் நோய் தொற்றவில்லை. அப்படியாயின் நோயைச் சுமப்பது துணியோடு போய்விட்ட ஏதோ ஒன்றுதான் என்று அவர் தெளிந்தார். 1909 ஆம் ஆண்டில் சீலைப்பேனே அதனைப் பரப்புகிறது என்பதை ஆய்வால் நிலைநாட்டினார். இதற்காக 1928 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. இந்நோய் பழங்கதையாகிவிட்டது என்றும் எண்ணலாகாது. 1997 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டில், உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்தோர் தங்கிய முகாம்களில் அது பெருவாரியாகப் பரவிற்று.

தலைப்பேனோ இத்தகைய நோய் எதனையும் பரப்புவதாக அறியப்படவில்லை. அது தருவது அரிப்பும், சொறிவதால் உண்டாகும் புண்ணும், தூக்கக் கேடுமே. இவையும் தொல்லைதான், ஆனால் அஞ்சி நடுங்கத் தக்கவை அல்ல. மேலும், தலைப்பேன் அழுக்குத் தலையைத் தேடி வருவதும் இல்லை. நாள்தோறும் குளித்த தலையும் குளிக்காத தலையும் அதற்கு ஒன்றே. நீரில் மூழ்கினாலும் அது மயிரைப் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே, 'வாரம் இருமுறை தலைக்குக் குளிப்பாட்டியும் பேன் வந்துவிட்டதே' என்று வருந்தும் தாய்மார், தம்மிடம் குறை ஒன்றும் இல்லை என்பதை அறிந்துகொள்வார்களாக.

செல்வர் இல்லங்களையும் பேன் விட்டதில்லை. விவிலியத்தில் பெயர் காணும் இலாக்கிசு நகரம் இருந்த மேட்டில், இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் யானைத் தந்தத்தாலான சிறு சீப்பு ஒன்றை அகழ்ந்தெடுத்தனர். அதில் பொறிக்கப்பட்டிருந்த எழுத்துக்களைப் படித்தறிந்து 2022 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேன்களை இத்தந்தம் களைவதாக என்னும் வேண்டுதலே, கானானிய மொழியில் அமைந்த அந்த வாசகத்தின் பொருள். ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்டதென அச்சீப்பை மதிப்பிடுகின்றனர். அதன் பற்களில் பேனின் எச்சமும் ஒட்டியிருந்தது. யானைகள் இல்லாத அந்நாட்டில் தந்தம் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட விலையுயர்ந்த பொருள். தந்தச் சீப்பு வைத்திருக்கும் அளவுக்கு வசதி படைத்தவருக்கும் பேன் தொல்லை இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நம் பாட்டிமாரும் இதனை நாணத்துக்குரியதாகக் கருதியதில்லை. வீட்டு வேலை முடிந்த பிற்பகலில், திண்ணையிலோ மரநிழலிலோ ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து பேன் பார்ப்பது நம் சிற்றூர்களில் நாள்தோறும் காணக்கூடிய காட்சியாக இருந்தது. பேச்சும் நடக்கும், பேனும் குறையும். மூடிமறைக்கும் பழக்கம் பின்னர் வந்து சேர்ந்ததே.

கண்டறிவது எப்படி?

தலையைச் சொறிந்தால்தானே பேன் என்று பலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிழை. அரிப்பு உண்டாவது பேன் கடிப்பதனால் அன்று; கடிக்கும்போது அது செலுத்தும் உமிழ்நீர் நம் உடலுக்கு ஒவ்வாமையால். அந்த ஒவ்வாமை தோன்றுவதற்கு, முதன்முறை பேன் பற்றியவர்க்கு 4 முதல் 6 வாரங்கள்வரை ஆகலாம். சிலருக்கு அரிப்பே தோன்றுவதில்லை. ஆகவே பிள்ளை சொறியத் தொடங்கும்போது பேன் வந்து ஒரு மாதம் ஆகியிருக்கக் கூடும். அதற்குள் வீட்டில் இன்னும் இருவருக்கு அது பரவியிருக்கவும் கூடும். இதனாலேயே, அரிப்புக்குக் காத்திராமல், பள்ளி செல்லும் பிள்ளைகளின் தலையை வாரம் ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று.

வெறும் கண்ணால் மயிரைப் பிரித்துப் பார்ப்பது போதாது. வெளிச்சம் பட்டதும் பேன் விரைந்து மறைந்துவிடும். தலையை நனைத்து, கண்டிஷனரோ தேங்காயெண்ணெயோ தாராளமாகத் தடவினால் அதன் ஓட்டம் தடைப்படும். பின்னர் பேன் சீப்பைத் தலைத்தோலில் படும்படி வைத்து, நுனிவரை இழுத்து, ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுகளுக்குப் பின்புறமும் பிடரியும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். உயிருள்ள பேன் ஒன்றேனும் துணியில் ஊர்ந்தால் ஐயமில்லை.

ஈரையும் பொடுகையும் வேறுபடுத்தி அறிதலும் வேண்டும். பொடுகு ஊதினாலும் உதறினாலும் விழுந்துவிடும். ஈரோ மயிரின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, விரலால் தள்ளினாலும் நகராது. நகத்தால் பற்றி இழுத்தால்தான் வரும். மற்றுமொரு செய்தி: மயிர் மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. எனவே தோலிலிருந்து 1 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிக் காணப்படும் வெண்மையான ஈர்கள் பெரும்பாலும் பொரிந்துபோன வெற்றுக் கூடுகளே. அவற்றை மட்டும் கண்டு, பேன் இருக்கிறதென்று முடிவு கட்டி மருந்திடுதல் வேண்டா.

செய்யத் தகாதவை

பேனால் குழந்தை இறப்பது மிக மிக அரிது. ஆனால் பேனைக் கொல்லப் பயன்படுத்திய பொருளால் துன்புற்ற குழந்தைகள் உண்டு. ஆகவே பின்வருவனவற்றைத் தாய்மார் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

மண்ணெண்ணெயைத் தலையில் தேய்க்கும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருந்து வருகிறது. அது தோலைப் புண்ணாக்கும். அதன் ஆவி நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்பிலிருந்தோ விளக்கிலிருந்தோ ஒரு பொறி பட்டால் போதும், தலைமயிர் தீப்பற்றிவிடும்.

பயிருக்கும் மூட்டைப்பூச்சிக்கும் அடிக்கும் பூச்சிமருந்தைத் தலையில் தடவுதல் அதனினும் கொடிது. தலைத்தோல் வழியே நஞ்சு உடலுக்குள் செல்லும். குழந்தையின் தோல் மென்மையானது, உடலோ சிறியது, சிறிதளவு நஞ்சும் அதற்குப் பெரிதாகும். சொறிந்த புண் இருந்தாலோ நஞ்சு இன்னும் விரைந்து ஏறும். வாந்தி, மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவை தொடரலாம். இத்தகைய மருந்து தலையில் பட்டுவிட்டால், உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவி, காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

சீத்தாப்பழ விதையை அரைத்துத் தலையில் பூசுவது நம் நாட்டின் பழைய கைம்மருந்து. பேன் சாவது மெய்யே. ஆனால் அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழியின் மேற்பரப்பு புண்ணாகிவிடும். தாங்கொணா வலியும் பார்வை மங்கலும் உண்டாகி, கண் மருத்துவரிடம் ஓடிய நிகழ்ச்சிகள் பல. தலையில் பூசியது நெற்றி வழியே கண்ணுக்கு வழியாதிருக்குமென்று யார் உறுதி சொல்ல இயலும்? ஆகவே இதனை விட்டுவிடுவதே அறிவுடைமை. சூடத்தை எண்ணெயில் கரைத்துக் கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் தேய்ப்பதும் தகாது. சூடம் உடலுக்குள் சென்றால் வலிப்பை உண்டாக்கவல்லது.

முன்னாளில் பேனுக்கும் சொறிசிரங்குக்கும் மருத்துவர்களே எழுதிக்கொடுத்த லிண்டேன் என்னும் மருந்து நரம்பு மண்டலத்தைத் தாக்குவதாக அறியப்பட்டது. 2009 ஆம் ஆண்டில், ஒழிக்கப்பட வேண்டிய நச்சுப்பொருட்களின் பட்டியலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதனைச் சேர்த்தது. வீட்டு அலமாரியில் பழைய புட்டி ஏதேனும் கிடந்தால் அதனைத் தொடாதீர்கள்.

இறுதியாக, மொட்டையடித்தல். மயிர் இல்லாத தலையில் பேன் இல்லை என்பது உண்மைதான். ஆனால் 10 வயதுச் சிறுமி ஒருத்தி, தன் விருப்பத்துக்கு மாறாக மொட்டைத் தலையுடன் பள்ளிக்குச் செல்லும்போது அவள் உள்ளம் படும் பாட்டை எண்ணிப் பார்த்தோமா? சீப்பினால் ஆகும் காரியத்துக்குச் சவரக்கத்தி எதற்கு?

சீப்பே முதல் மருந்து

இனி, செய்ய வேண்டுவதைக் கூறுவோம். முதலில் நல்ல பேன் சீப்பு ஒன்று வேண்டும். ஈர்கொல்லி, ஈருளி என்றெல்லாம் ஊருக்கொரு பெயரால் நம் முன்னோர் வைத்திருந்த கருவிகளின் வழிவந்ததே அது. பற்களின் இடைவெளி 0.3 மில்லிமீட்டருக்கு மிகாதிருத்தல் நலம்; பற்கள் வளையாத உலோகச் சீப்பாயின் இன்னும் சிறப்பு.

தலையை வழக்கம்போல் சீயக்காயோ ஷாம்புவோ கொண்டு கழுவுங்கள். ஈரம் காயுமுன் கண்டிஷனரை நிறையத் தடவுங்கள்; அது கிடைக்காவிடில் தேங்காயெண்ணெய் போதும். முதலில் அகன்ற பல் சீப்பால் சிக்கெடுங்கள். பின்னர் மயிரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தோலிலிருந்து நுனிவரை பேன் சீப்பால் வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். தலை முழுவதும் முடிந்ததும், அலசிவிட்டு மீண்டும் ஒருமுறை வாருங்கள். குட்டை மயிருக்கு 10 நிமிடமும், நீண்ட அடர்ந்த கூந்தலுக்கு அரைமணி நேரமும் ஆகலாம்.

இதனை ஒருநாள் செய்து நிறுத்துவதால் பயன் இல்லை. ஏனெனில் ஒட்டியிருக்கும் ஈர்கள் எல்லாம் சீப்பில் வருவதில்லை. அவை அடுத்தடுத்த நாட்களில் பொரிந்துகொண்டேயிருக்கும். ஆகவே முதல் நாள், 5 ஆம் நாள், 9 ஆம் நாள், 13 ஆம் நாள் என நான்கு முறை வாரவேண்டும். 17 ஆம் நாளில் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால், பின்னர் வரும் வியாழன், அதன்பின் திங்கள், அதன்பின் வெள்ளி ஆகியவை வாரும் நாட்கள். அதனை அடுத்த செவ்வாய் சோதிக்கும் நாள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இவற்றைக் குறித்துவைப்பது நல்லது.

இந்த இடைவெளியின் நுட்பம் யாது? முன்னர் நாம் மனத்தில் இருத்தச் சொன்ன கணக்கை நினைவுகூருங்கள். பொரிந்த குஞ்சு முட்டையிடத் தகுதி பெறுவதற்கு 9 நாட்களேனும் ஆகும். 4 நாட்களுக்கு ஒருமுறை வாரினால், எந்தக் குஞ்சும் அந்நிலையை எட்டுமுன் சீப்பில் அகப்பட்டுவிடும். புதிய ஈர் தோன்றுவதற்கு வழியில்லை. பழைய ஈர்களோ 10 நாட்களுக்குள் பொரிந்து தீர்ந்துவிடும். 13 ஆம் நாள் வாரும்போது கடைசிக் குஞ்சும் அகன்றிருக்கும். ஒரு முறை தவறினாலும் கணக்குத் தவறிவிடும் என்பதை மறத்தலாகாது. இடையில் வளர்ந்த பேன் அகப்பட்டால், வேறொருவரிடமிருந்து மீண்டும் வந்ததெனக் கொண்டு முதலிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

இது வெறும் பாட்டி வைத்தியம் என்று எண்ண வேண்டா. 2005 ஆம் ஆண்டில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடைகளில் விற்கும் பேன் மருந்தை இட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 13 பேரும், ஈரத்தலையை இம்முறையில் வாரிய பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேரும் பேன் நீங்கப் பெற்றனர் என்று அதில் கண்டிருந்தது. அந்நாட்டுப் பேன்கள் மருந்துகளுக்குப் பழகிப்போனதே இவ்வேறுபாட்டுக்கு முக்கிய காரணம் எனலாம். சீப்புக்குப் பழகிப்போன பேன் எந்நாட்டிலும் இல்லை. ஆயினும் சீப்பிலும் நூற்றுக்கு நூறு வெற்றி இல்லை என்பதை அவ்வாய்வே காட்டுகிறது. முறை தவறாது செய்பவருக்கே பயன் உறுதி.

மருந்து வேண்டுமாயின்

பேன் மிகுதியாய் இருந்தாலும், வாரிவிட நேரமும் ஆளும் இல்லாதிருந்தாலும் மருந்தை நாடுவதில் தவறில்லை. பெர்மெத்ரின் 1 சதவீதம் கலந்த திரவம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. கழுவித் துவட்டிய தலையில் தடவி, 10 நிமிடங்களுக்குப் பின் அலசிவிட வேண்டும். அதற்குமுன் கண்டிஷனர் தடவலாகாது. ஈர்கள் அனைத்தையும் அது கொல்வதில்லை. ஆதலின் 9 ஆம் நாளில் மீண்டும் ஒருமுறை இடுதல் இன்றியமையாதது. முதல் முறையோடு நின்றுவிடுவதே பலர் செய்யும் தவறு.

டைமெதிகோன் என்னும் சிலிக்கோன் திரவம் மற்றொன்று. அது நஞ்சு அன்று. பேனின் மேல் படிந்து, அதன் உடலின் செயலை அடைத்து மடியச் செய்கிறது. ஆதலின் பெர்மெத்ரினுக்கு அடங்காத பேன்களும் இதற்கு அடங்கும். இவ்வகைத் திரவங்களுட் சில எளிதில் தீப்பற்றக் கூடியவை. தடவிய தலையுடன் அடுப்பருகே செல்லலாகாது. எம்மருந்தாயினும் உறையில் உள்ள குறிப்பின்படியே இடுதல் வேண்டும்.

ஐவர்மெக்டின் மாத்திரை மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே உட்கொள்ளத் தக்கது. 15 கிலோ எடைக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் அது ஏற்றதன்று. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும், கருவுற்றவர், பாலூட்டுவோர் ஆகியோர்க்கும் எம்மருந்தையும் மருத்துவரைக் கேட்ட பின்னரே பயன்படுத்துக. தலையில் சீழ்ப்புண் இருந்தாலும், கழுத்தில் நெறிகட்டினாலும், கண்ணிமையில் ஈர் தென்பட்டாலும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். பேன் ஒழிந்த பின்னும் சில நாட்கள் அரிப்பு நீடிக்கலாம். அரிப்பை மட்டும் கண்டு மறுபடியும் மருந்திடாமல், சீப்பால் வாரிப் பார்த்து உயிருள்ள பேன் உண்டா என்று தெளிந்த பின்னரே அடுத்ததை முடிவு செய்க.

இல்லத்தில் செய்யத்தக்கவை

ஒருவர் தலையில் பேன் கண்டால், இல்லத்தார் அனைவருடைய தலையையும் அதே நாளில் பார்த்துவிடுதல் முதற்கடமை. தாத்தாவும் பாட்டியும் விலக்கல்லர், தந்தையும் விலக்கல்லர். பேன் உள்ள அனைவருக்கும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்குதல் வேண்டும். இல்லாவிடில் அக்காளிடம் ஒழிந்தது தங்கையிடமிருந்து திரும்பி வரும். பேன் இல்லாதவர்க்கு மருந்து வேண்டியதில்லை.

கடந்த இரண்டு நாட்களில் பயன்படுத்திய தலையணை உறை, துவாலை, தலையில் கட்டும் துணி ஆகியவற்றை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள். சீப்புகளைக் கைபொறுக்காத வெந்நீரில் 10 நிமிடம் ஊறவையுங்கள். அவ்வளவே போதும். தலையை விட்டு விழுந்த பேன் தானே மடியும் என்று முன்னரே கண்டோம். ஆகவே வீடு முழுவதும் மருந்தடிப்பதும், மெத்தையைத் தூக்கி எறிவதும் வீண் செலவு. வீட்டில் உள்ளோர்க்குத் தீங்கும்கூட. சிறுமியர்க்குக் கூந்தலை இறுகப் பின்னி இரட்டைச் சடையாக மடித்துக் கட்டி அனுப்புவது, தலைமயிர் ஒன்றோடொன்று படுவதைக் குறைக்கும்.

பள்ளியிலும் விடுதியிலும்

நாணத்தை உடைத்தெறிய வேண்டிய இடம் இதுவே. தம் பிள்ளைக்குப் பேன் கண்ட தாய், உடன் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர்க்கும் வகுப்பாசிரியைக்கும் அதனைச் சொல்லிவிடுவாராயின், அவர்களும் அதே வாரத்தில் தத்தம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வர். சொல்லாது மறைத்தால், இரண்டு வாரம் பாடுபட்டு ஒழித்த பேன் மூன்றாம் வாரம் பக்கத்து இருக்கையிலிருந்து திரும்பிவிடும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேன் உள்ள சிறுமியை வகுப்பில் எழுப்பி நிறுத்துவதாலும், வீட்டுக்கு அனுப்பிவிடுவதாலும் நன்மை ஒன்றும் இல்லை. கண்டுபிடிக்கப்படும் நாளில் அவள் தலையில் பேன் வந்து பல வாரங்கள் ஆகியிருக்கும். அன்று ஒருநாள் அனுப்பிவிடுவதால் பரவுதல் நிற்குமோ? பேனையோ ஈரையோ காரணமாகக் காட்டி, உடல்நலமுள்ள எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து விலக்கலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் கூறியிருக்கிறது. மாலையில் தாயைத் தனியே அழைத்து மெல்லச் சொல்லுதலே போதுமானது. விடுதிப் பொறுப்பாளர்கள் மாதம் ஒரு நாளைக் குறித்து, எல்லா மாணவியர் தலையையும் பார்க்கும் ஒழுங்கை ஏற்படுத்தினால், எவளும் தனித்துச் சுட்டப்படமாட்டாள்.

தாய்மாரே, தந்தையரே! சீப்பைக் கையில் எடுத்துப் பிள்ளையை முன்னே அமர்த்தும்போது கடிந்துரையாதீர்கள். 'எங்கே போய் வாங்கி வந்தாய்?' என்று கேளாதீர்கள். அது தோழியின் அருகே அமர்ந்து படித்ததனால் வந்தது. தோழியைக் குறைகூறவும் வேண்டா. அவளுக்கும் அவ்வாறே வந்தது. பேன் 2 வாரத்தில் போய்விடும். 'அழுக்குப் பிள்ளை' என்னும் சொல்லோ குழந்தையின் உள்ளத்தை விட்டு அத்துணை எளிதில் போவதில்லை. வாரும் அந்த அரைமணி நேரத்தில் பள்ளிக்கதை ஒன்றைக் கேட்டுக்கொண்டே வாருங்கள். நான்கு முறை அவ்வாறு அமர்ந்து எழும்போது பேனும் ஒழிந்திருக்கும். பிள்ளையும் தலைகுனியாமல் பள்ளிக்குச் செல்வாள்.